மினாவின் அக்கா

"அக்கா, கப்பல்ல என் கைய விட்டுட்டுப் போனியே, இந்தத் தடவையும் விட்டுருவியா?"

மினா இப்படிக் கேட்டு ஆறு நாளாகிறது. இப்போது மினாவின் குளிர்ந்த தலையை மடியில் வைத்து, அவள் முடியைச் சீவிப் பின்னிக்கொண்டிருந்தாள் கூமாக்.

கூமாக் மினாவின் மகள். இறந்துபோன அக்காவின் பெயரை மினா அவளுக்கு வைத்தாள். பெயரோடு உறவும் வந்தது. வடதுருவப் பக்கத்து அந்த இனுயிட் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மா மகளை அக்கா என்றாள், மகள் அம்மாவைத் தங்கச்சி என்றாள். "மூத்தவ நீதான, சூப்ப நீயே வை" என்று மினா சாய்ந்துகொண்டே வேலை வாங்குவாள்.

பல வருடங்களுக்கு முன், அக்காவான முதல் கூமாக்கையும் ஏழு வயது மினாவையும் காசநோய் என்று மருத்துவக் கப்பல் தெற்கே கொண்டுபோனது. கரையில் நின்ற தாயிடம் சொல்லிக்கொள்ளக்கூட இறக்கிவிடவில்லை. மூன்று வருடம் கழித்து மினா மட்டும் திரும்பினாள். அக்காவை எங்கே புதைத்தார்கள் என்று யாரும் எழுதி அனுப்பவில்லை.

அதனால் இந்த வயதிலும் மினா வயிற்றுவலியை மூன்று நாள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். தெற்கே அனுப்ப விடமாட்டேன் என்று கூமாக் சத்தியம் செய்த பிறகே ஊர் மருத்துவ நிலையத்துக்கு வந்தாள்.

தெற்கிலிருந்து வந்திருந்த நர்ஸ் நல்லவள். இனுயிட் மொழியின் உறவுச்சொற்களைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தவள். வயிற்றை அழுத்தியதும் மினா கூமாக்கின் கையைப் பற்றி, "வலிக்குது அக்கா" என்றாள்.

நர்ஸின் பேனா நின்றது. "இவங்க உங்க அம்மாதானே?"

கூமாக் தலையாட்டினாள். நர்ஸ் எழுதியதை எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படித்தாள். நினைவுத் தடுமாற்றம். மகளை அடையாளம் தெரியவில்லை. வலி பற்றிச் சொல்வதை நம்புவதற்கில்லை.

விளக்க நாலு வார்த்தை போதும். சொன்னால் வயிற்றை மறுபடி பார்ப்பார்கள். பார்த்தால் தெற்கே கொண்டுபோக விமானம் வரும். கூமாக் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவர்கள் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. அன்று அது மட்டும்தான் காரணமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாத்திரையோடு திரும்பும் வழியில் விஷயத்தைச் சொன்னதும் மினா சிரித்தாள். "பைத்தியம்னா தெக்க அனுப்பமாட்டாங்களா? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ரெண்டு பேரும் பைத்தியமா இருந்திருக்கலாமே, அக்கா."

இன்று காலை மினாவின் வயிறு பலகைபோல் இறுகியது. கூமாக் தொலைபேசியை எடுக்க எழுந்தாள். மினா அவள் கையை விடவில்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

நர்ஸ் இறப்புப் படிவத்தோடு வந்தாள். கையுறையைக் கழற்றி மினாவின் வயிற்றைத் தொட்டாள். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு படிவத்தை நிரப்பினாள். தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்துக்கு வந்தபோது கூமாக் பேனாவை வாங்கி, அக்கா என்று எழுதினாள்.

"அவங்க அக்கா பேரு எனக்கு. பேரு யாரோடதோ உறவும் அவங்களோடது, எங்க ஊர்ல" என்றாள். தன் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. "தங்கச்சி தெளிவாத்தான் இருந்தா. நான்தான் அன்னைக்குச் சொல்லல."

நர்ஸ் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூமாக் பாதியில் நின்ற பின்னலை எடுத்தாள். நர்ஸ் படிவத்தை மடித்துக்கொண்டு, கையுறையைக் கட்டில் ஓரத்திலேயே விட்டுவிட்டு, பனியில் இறங்கிப் போனாள்.