புகையில் காய்ந்த கடிதம்

என் புருஷன் காப்ரியல் எழுதிய முதல் இரண்டு கடிதங்களையும் பூஞ்சணம் தின்றுவிட்டது. தகரப் பெட்டி, தலையணைக்கடி, மாதா படத்துக்குப் பின்னால் என்று எங்கெங்கோ வைத்துப் பார்த்தேன். தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் எதுவும் ஈரத்துக்குத் தப்பாது. மலாயாவில் அவசரகாலம் வந்ததும் பிடித்துக் கப்பலில் ஏற்றி ஊருக்குத் துரத்தப்பட்ட மனிதர், வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவதே பெரும்பாடு. அதையும் ஈரம் தின்றால் எனக்குக் கோபம் வராதா?

மூன்றாவது கடிதம் வந்ததும் முடிவு செய்துவிட்டேன். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்ட ஆலையில், ரப்பர் ஷீட்டுகளைப் புகையறையில் தொங்கவிடுவது என் வேலை. புகையின் பிசுக்கு மெல்லிய தோலாகப் படிந்துவிட்டால், மாதக்கணக்கில் கப்பலில் போனாலும் ஷீட்டில் பூஞ்சணம் ஏறாது. ஷீட்டுக்குக் கிடைக்கும் மரியாதை என் கடிதத்துக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

எழுத்திருந்த பக்கத்தில் கோழி இறகால் ரப்பர் பாலை இலேசாகத் தடவினேன். பாலை உறையவைக்கும் ஆசிட் ஜாடியைத் திறந்து, அதன் ஆவியில் காட்டினேன். கண் எரிந்தது, பால் இறுகியது. பிறகு ஷீட்டுகளுக்கு நடுவே நாலு நாள் புகையில் தொங்கவிட்டேன். தேன் நிறத்தில், கண்ணாடித் தாள் போல, எழுத்து அத்தனையும் தெரிய வெளியே வந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கம்பிவேலி கேட்டில் சோதனை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கு அரிசி கடத்துகிறோமா என்று போலீஸ்காரர்கள் தினமும் பார்ப்பார்கள். பெண்களைத் தடவிப் பார்ப்பவள் அடுத்த லயத்து வேலம்மா. அவள் கை கடிதத்தில் நின்றது.

"என்னடி இது, இசபெல்?"

"கடுதாசி. அவரு போட்டது."

"கடுதாசிக்கு எதுக்கு ரப்பரு? காட்டுக்குப் போற காயிதந்தான் மழையில நனையாம இப்படி இருக்கும்னு சொல்லியிருக்காங்க. பாத்தும் விட்டா என்னையும் சேத்துப் புடிச்சிருவாங்க லா."

பூஞ்சணத்தை நினைத்த எனக்குப் போலீசை நினைக்கத் தோன்றவேயில்லை. அப்படி ஒரு மடச்சி நான்.

வெள்ளைக்கார அதிகாரி அதை வாங்கி, உள்ளே வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று ரப்பர் தோலை உரித்தார். மை அத்தனையும் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. காகிதம் வெறுமையாகிவிட்டது. தோலைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சிவானந்தத்திடம் கொடுத்து, படித்து இங்கிலீசில் சொல்லச் சொன்னார்.

பாலெடுக்க மரம் வெட்டப் போக நின்ற நாற்பது பேரும் காது கொடுத்தார்கள். கிராணி தோலை வெளிச்சத்தில் பிடித்து, காலையில் பேர் கூப்பிடும் அதே குரலில் வரி வரியாகத் தமிழில் படித்து, இங்கிலீசில் சொன்னார். என் முதுகுவலி, யாரோடும் சண்டைக்குப் போகாதே என்ற புத்திமதி, எல்லாம் ஊர் கேட்டது. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கடைசி வரி வந்தது.

"கூரை ஒழுகினால் நீ ஏறாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்."

இனி இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று அனுப்பப்பட்டவர் எழுதியது அது. யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி தலையாட்டிவிட்டு, வெறும் காகிதத்தை என்னிடம் நீட்டினார். தோலை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். கிராணியிடம் கை நீட்டினார்.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். ஆனால் அப்படி ஒரு வார்த்தையைக் காதால் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"கிராணியாரே," என்றேன். "குடுக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."