என்டர் காணாமல் போன மாலை

வகுப்பில் அவளுக்கு "சரிதானா" என்று பெயர். எதைச் செய்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் "சரிதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். பகலில் கண்ணாடிக்கடையில் பிரேம் துடைத்து அடுக்குகிற வேலை. அங்கேயும் துடைத்ததையே திரும்பத் துடைக்கிறாள் என்று முதலாளிக்குக் குறை. சாயங்காலமானால் இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு.

பயிற்சி நிலையத்தில் லேப் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. வகுப்பிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சார் சொல்லியிருந்தார். இன்றைக்குச் செய்துகாட்டுவதை வைத்துத்தான் முடிவு. கட்டளைகளைக் கையால் அடித்து இயக்குகிற டெர்மினலில் அவரவர் சொந்தமாகக் குறுக்குவிசைகள் அமைத்து, பெரிய திரையில் எல்லோர் முன்னாலும் இயக்க வேண்டும். கன்ட்ரோலோடு ஓர் எழுத்தை அழுத்தினால் நீளமான கட்டளை தானாக வந்து விழ வேண்டும். மவுஸைத் தொடக் கூடாது. கண்ணாடிக்கடையை விட்டு வெளியே வர அவளுக்குத் தெரிந்த ஒரே கதவு அந்த வேலைதான்.

அவளுடைய குறுக்குவிசைகள் எல்லாம் பலமுறை சோதிக்கப்பட்டுத் தயாராக இருந்தன. காரியத்தைக் கெடுத்தவர் ரொட்டி அண்ணன். வேனில் கடைகடையாக ரொட்டி போடுகிறவர், பக்கத்து நாற்காலிக்காரர். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு அவள் ls -l என்று அடித்து, கோப்புகளின் பட்டியலை வரவழைத்து, சொன்னது நடந்ததா என்று பார்த்துக்கொள்வதை அவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி, எல்லாத்துக்கும் ஷார்ட்கட் வெச்சே, சந்தேகப்படுறதுக்கு ஒண்ணு வெக்கலியே?"

"கிண்டலா அண்ணே?"

"நெஜமாத்தான் சொல்றேன். வெரலு தேஞ்சிடும்மா."

அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. மறுபடி பார்ப்பதற்கு, அதாவது ls -l வந்து விழுவதற்கு, கன்ட்ரோலோடு எம். குறுக்குவிசைகளை எழுதிவைக்கிற அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துச் சேமித்தாள். சோதித்துப் பார்ப்பதற்குள் சார் கூப்பிட்டுவிட்டார்.

முன்னால் போய்ப் புது டெர்மினலைத் திறந்தாள். முதல் குறுக்குவிசை தன் கட்டளையை அழகாகக் கொண்டுவந்து நிறுத்தியது. என்டரைத் தட்டினாள். கட்டளை ஓடவில்லை. அதன் வாலில் ls -l என்று ஒட்டிக்கொண்டது. மறுபடி தட்டினாள். இன்னொரு ls -l. பதறிப்போய் நாலைந்து தரம் தட்டியதில் திரை நிறைய அதுவே நின்றது.

"கீபோர்டும் உங்கள மாதிரியே ஆயிடுச்சும்மா," என்றார் சார். "செய்யறதுக்கு முன்னாடியே செஞ்சாச்சான்னு பாக்குது."

வகுப்பே சிரித்தது. வேறொரு டெர்மினலைத் திறந்தாள். அதிலும் அதே கதை. எழுந்து போய்விடலாம் என்று கால் சொன்னது. கைதான் கேட்கவில்லை, கன்ட்ரோல் எம்மை அழுத்திப் பார்த்தது. ls -l. என்டர். ls -l.

"சார், எம்மும் என்டரும் ஒண்ணு போல. டெர்மினலுக்கு ரெண்டும் ஒரே விசைதான். நான் எம்மைத்தான் மாத்தினேன், என்டரும் கூடவே போயிடுச்சு."

"போயிடுச்சு சரி. எப்படி வரவழைப்பீங்க?"

"எம் என்டரா இருந்தா, இன்னொரு எழுத்தும் அப்படி இருக்கலாம் இல்லியா சார்? ஏலேருந்து ஒவ்வொண்ணா பாக்குறேன்."

"விடிஞ்சிடும்!" என்றது கடைசி வரிசை.

கன்ட்ரோலோடு அழுத்திய ஏ, கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனது. பி பேசாமல் இருந்தது. சி வரியையே தூக்கி எறிந்தது. டி டெர்மினலையே மூடிவிட்டது. கடைசி வரிசை கைதட்டியது. "டி வேண்டாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி திறந்து, ls -l என்று அடித்து ஓர் இடைவெளியும் விட்டு, ஈயிலிருந்து தொடர்ந்தாள். ஈ, எஃப், ஜி, ஒன்றாலும் பிரயோஜனமில்லை. எச் கடைசியாக விட்ட இடைவெளியைத் தின்றது. அதைத் திருப்பி அடித்தாள். ஐ, டேப் விசையைப் போல, ரெண்டாம் தரம் அழுத்தியதும் கோப்புப் பெயர்களை எடுத்து நீட்டியது.

ஜே அழுத்தினாள். கட்டளை ஓடியது.

கடைசி வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்டருக்குப் பதில் ஜேயையே வைத்துக்கொண்டு அமைப்புக் கோப்பைத் திறந்து, எம் வரியை அழித்து, புது டெர்மினலில் மிச்சக் குறுக்குவிசைகளையும் காட்டி முடித்தாள். சார் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. "அடுத்தது யாரு?" என்றார். கண்ணாடிக்கடைதான் நமக்கு விதித்தது என்று நினைத்தபடி வந்து உட்கார்ந்தாள்.

அடுத்தது ரொட்டி அண்ணன். அவள் பட்ட பாட்டைப் பார்த்து, எம் பக்கமே போகாமல், ஐயை எடுத்துக்கொண்டிருந்தார். இன்னிக்குத் தேதி பார்க்கும் date கட்டளைக்கு ஐ. கோப்பின் பெயரைப் பாதி அடித்து, மிச்சத்தை நிரப்பட்டும் என்று டேப்பைத் தட்டினார். பெயரின் வாலில் date வந்து உட்கார்ந்தது.

"சார், இது என்னது?"

"என்னை ஏன் கேக்குறீங்க?" என்று சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "லேப் உதவியாளர் அங்க உக்காந்திருக்காங்க, அவங்களக் கேளுங்க."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவளும் பக்கத்தில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ரொட்டி அண்ணனின் காலி நாற்காலிதான் இருந்தது.

"அண்ணே, ஐயும் டேப்பும் ஒண்ணு. அந்த வரிய எடுத்துடுங்க."

"அங்கேருந்து கத்தினா எப்படிம்மா? பக்கத்துல போய்ச் சொல்லுங்க," என்றார் சார். "நாளைலேருந்து உங்களுக்கு அதானே வேலை."

"ஓடி வா தங்கச்சி," என்றார் ரொட்டி அண்ணன், டேப்பை விடாமல் தட்டிக்கொண்டே. "தேதி மேல தேதியா விழுந்துக்கிட்டே இருக்கு."