நான்கு பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

பரிதா அதிகம் பேசமாட்டாள். ஆனால் அவளுடைய மெயில் பாஸ்வேர்டு, அவளையும் சேர்த்து நான்கு பேருக்குத் தெரியும். அண்ணன் சாஹில், தோழி துர்கா, மேற்குத் தாம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பொன்னுரங்கம் அண்ணன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ரிசல்ட் வந்தால் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா?

ஜெர்மனி மாணவி லேனாவோடு மெயில் வழியாகவே அவள் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இணையத்தில் எதை மறைக்கிறீர்கள், எதைச் சொல்கிறீர்கள் என்று இரண்டு நாட்டு மாணவர்களையும் கேட்டு எழுதிய கட்டுரை. பரிதாவின் பெயர் அச்சில் வரப்போவது அதுதான் முதல் தடவை.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். துர்கா அவள் பெயரிலேயே லேனாவுக்குப் பதில் போட்டாள். இரண்டு வரியில் முடிக்கிற பரிதா ஒரு பக்கம் எழுதி, கடைசியில் "உனக்கு எப்போது கல்யாணம்?" என்றும் கேட்டால் யார் நம்புவார்கள்?

லேனாவின் பதில் உடனே வந்தது. "இந்தக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். நாளை போன் செய்வேன். நமக்குள் மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்பேன். சொல்லாவிட்டால் பரிதாவின் பெயரை எடுத்துவிடுவேன்."

"நமக்குள் மட்டுமா? உனுக்கு மட்டும் தெரிஞ்சது இன்னாடீ கீது?" என்றாள் துர்கா.

பரிதா முன்பே கொடுத்திருந்த நம்பரும் சென்டருடையதுதான். மறுநாள் நால்வரும் அங்கே காத்திருக்க, போன் அடித்தது. பொன்னுரங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

"உன் பூனையின் பெயர் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் லேனா.

பரிதா வாயைத் திறப்பதற்குள் துர்கா முந்திக்கொண்டாள்.

"சுல்தான்னு சொல்லுடீ."

"அது செத்துப்போச்சு துர்கா. இப்ப இருக்கிறது மும்தாஜ்" என்றான் சாஹில்.

"மெயில்ல சுல்தான்னுதாம்மா கீது. நான்தான பிரிண்ட் எடுத்தேன்" என்றார் பொன்னுரங்கம்.

"அங்கே யார் அதெல்லாம்?" என்றாள் லேனா.

பரிதா மெல்லச் சொன்னாள்: "பாஸ்வேர்டு தெரிந்தவர்கள்."

லேனா வெகுநேரம் சிரித்தாள். "எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கே தெரியாது. பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்ற நம் ஆய்வுக் கேள்விக்கு நீ நான்கு என்று எழுதியதைப் பிழை என்று நினைத்து ஒன்று என்று திருத்திவிட்டேன். நீ பரிதாதான். திருடன் இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வரமாட்டான். பெயர் இருக்கும். ஆனால் பாஸ்வேர்டை மாற்று."

மாற்றினாள். மூவருக்கும் கோபம்.

கட்டுரை அச்சாகுமா என்ற முடிவு மெயிலில் வந்த அன்று மூவரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"திரும்பிக்கோங்க. டைப் பண்ணணும்" என்றாள் பரிதா.

முனகிக்கொண்டே மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். தட்டி முடித்தவள், "இப்ப பாருங்க" என்றாள்.

கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது; அதில் அவள் பெயர் இருந்தது. முதலில் உரக்கப் படித்தது துர்காதான்.