மூடாத சிடி

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை.

வேறு விதமாகத் தொடங்கியிருந்தேன்: '2003 வசந்தத்தில், ரூசே நகரத்தில், எட்டாம் மாடியில் இரண்டு பெண்கள் ஒரு கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி' —

ஒருத்தி நான்தான். என்னை அப்படி எழுதுவது தப்பிக்கும் வழி.

2

பாட்டு சிடி எழுதும்போது* பிழை வராமலிருக்க: குறைந்த வேகம் போதும். மற்ற நிரல்களை மூடிவிட வேண்டும். மவுஸைத் தொடக் கூடாது. எங்கள் கட்டடத்தில் இன்னொன்றும் உண்டு. லிஃப்ட் ஏறினால் மின்சாரம் தள்ளாடும். எழுத்து பாதியில் அறுந்துவிடும். ஏற்கெனவே இரண்டு சிடி போயிருந்தன. அதனால் எதிர்வீட்டு ருமியானா கீழே போய் லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒட்டிவிட்டு, எட்டு மாடி ஏறி வந்து உட்கார்ந்தாள்.

"நெவேனா, மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் கெட்டுப்போகுமா?"

"மெதுவா விடு."

"உன் கதைங்களை இவ்வளவு கவனமா எழுதியிருந்தா நாலு பேர் படிச்சிருப்பாங்க."

அவள் கணவர் பிளாமென் லாரி ஓட்டுகிறவர். அன்று மதியம் கிளம்பினால் திரும்ப ஆறு வாரம். சிடியில் அவருக்குப் பிடித்த பதினோரு பாட்டுகள். பன்னிரண்டாவது, ருமியானாவின் குரல்: வெளிநாட்டில், வாலென்சியாவில் வேலை கிடைத்திருக்கிறது, நீ வரும்போது நான் இருக்கமாட்டேன், கோபமில்லை, களைத்துவிட்டேன்.

"நேர்ல சொல்லேன்" என்றேன்.

"எத்தனை தடவை ஆரம்பிச்சேன் தெரியுமா? சிரிக்க வெச்சுடறான். சிரிச்சுட்டா அப்புறம் எங்க போறது?"

* எங்கள் மொழியில் சிடியில் பதிவதற்கும் தாளில் குறித்துவைப்பதற்கும் ஒரே வினைச்சொல். எனக்கு அது வசதியாகவும் சங்கடமாகவும் இருக்கிறது.

3

எழுதி முடிந்ததும் கணினி கேட்டது: சிடியை மூடவா? மூடினால் பிறகு எதையும் சேர்க்க முடியாது. மூடாவிட்டால் எழுதிய கணினியில் மட்டும் பாடும்.

'வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

[இங்கே 'தெரியாமல்' என்றிருந்தது. எடுத்துவிட்டு 'தெரிந்தே' என்று போட்டேன். அதுவும் முழு உண்மையில்லை. விதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த நொடியில் நினைத்தது, இனி காலையில் காப்பிக் கோப்பையோடு என் கதவைத் தட்ட யார் வருவார்கள் என்பதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.]

என் கணினியிலேயே ஓட்டிப் பார்த்தோம். ருமியானா தன் குரலைக் கடைசிவரை கேட்டாள். "நல்லா வந்திருக்கு" என்று எடுத்துப் போனாள்.

4

ஒரு முடிவு: லாரியில் சிடி பாடவில்லை. பிளாமென் ஆறு வாரம் கழித்து வெற்று வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து

[எழுத முடியவில்லை.]

இன்னொன்று: ருமியானாவுக்குத் தெரிந்துபோகிறது, என்னோடு பேசுவதை நிறுத்துகிறாள். [எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை. கதைக்கு உதவாது.]

நடந்தது இது. கிளம்பும் முன் பிளாமெனே மேலே வந்தார். ருமியானா அவருக்கு வழிக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தாள்.

"எழுத்தாளரம்மா, லாரியில போட்டா சிடியே இல்லேங்குது. லிஃப்டும் பழுதாம். இந்தக் கட்டடத்துல எதுதான் ஓடுது?"

சிடியை உள்ளே தள்ளினேன். மறுபடி அதே கேள்வி. அவர் என் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"மூடினா என்ன ஆகும்?"

"எல்லா இடத்துலயும் பாடும். ஆனா அப்புறம் எதையும் சேர்க்க முடியாது."

"அப்ப இன்னும் சேர்க்கலாமா?" மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "மெனக்கெட்டுப் பாட்டு போட்டுக் குடுத்திருக்கா. நானும் ரெண்டு வார்த்தை சொல்றேன். வந்ததும் சேர்ந்து உக்காந்து கேட்போம். அவகிட்ட மூச்சு விடாதீங்க."

5

பதின்மூன்றாவது தடம், நாற்பது நொடி. வேடிக்கையாகத்தான் தொடங்கினார். பாதியில் வேடிக்கை நின்றுபோனது. மீதியை நான் கேட்டேன். இங்கே எழுத மாட்டேன். அது ருமியானாவுடையது. ஆனால் பதின்மூன்றுக்கு வர, அவர் பன்னிரண்டைக் கடந்தாக வேண்டும்.

கணினி கேட்டது: மூடவா?

பிளாமென் காத்து நின்றார். படிக்கட்டில் ரொட்டிப் பையோடு யாரோ மூச்சு வாங்கி ஏறிவரும் ஓசை. நான் ஒரு தடவை தனியாக முடிவெடுத்துவிட்டேன், இன்னொரு தடவை மாட்டேன். மவுஸை, இதைப் படிக்கிற உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். ருமியானா இப்போது ஆறாம் மாடியில் இருக்கிறாள்.