குதிரை முடி

முப்பத்திரண்டாவது பொன்னாடை தோளில் ஏறியபோது, மேடையிலிருந்து இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது மாரிச்செல்வத்துக்கு. மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்கு மண்டபத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சாயங்காலம் யார் வீட்டு வரவேற்போ. காலை பத்தரைக்கு ஆரம்பித்த பாராட்டு விழாவில் இதுவரை பதினோரு பேர் பேசிவிட்டார்கள். அவன் வாசிப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மண்டப வாசலில் வைத்திருந்த ஃபிளெக்ஸில் அவன் முகத்தை யாருடைய உடம்பிலோ ஒட்டி, கையில் ஒரு வயலினைக் கொடுத்து, 'அருப்புக்கோட்டை தந்த வயலின் சக்கரவர்த்தி' என்று போட்டிருந்தார்கள். நான் வாசிப்பது வயலின் இல்லை, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற பெரிய செல்லோ என்று விழாத் தலைவர் அருஞ்சுனையிடம் காலையிலேயே சொல்லிப் பார்த்தான். அவர் டவுனில் பெரிய நெசவு நூல் கடை வைத்திருப்பவர்.

"இருக்கட்டும் தம்பி, பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன? நம்மூருப் பிள்ளை வாசிக்குது, அதாம் பெருமை" என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

முன்வரிசையில் அம்மா மாரிக்கனி உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகத்தான் இந்தக் கூத்துக்கே அவன் சம்மதித்தது. நாற்பத்து நாலு வயதுக்குள் அவன் வாசிக்காத பெரிய அரங்கம் ஐரோப்பாவில் குறைவு. போன வருடம் விருது வாங்கியபோது தமிழ்ப் பத்திரிகைகள்கூடப் படம் போட்டன. ஆனால் பெற்றவள் ஒரு தடவைகூட அவன் வாசித்து நேரில் கேட்டதில்லை. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்படித்தான் அமைந்துபோயிற்று.

மதுரை விடுதியில் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்து மாதாகோயில் மாடியில் தூக்க ஆளில்லாமல் கிடந்த செல்லோ, கை நீளம் என்பதற்காக இவன் தலையில் கட்டப்பட்டது. மாதம் ஒரு ஞாயிறு அம்மா வருவாள். பார்வை நேரம் இரண்டிலிருந்து நாலு. வாத்தியப் பயிற்சி ஐந்து மணிக்கு. அதுவரை இருந்தால், அருப்புக்கோட்டை வந்து ஊருக்குப் போகிற கடைசி திருச்சுழி பஸ்ஸைப் பிடிக்க முடியாது. மறுநாள் களை எடுக்கப் போகாவிட்டால் கூலி போய்விடும். இருக்கிற இரண்டு மணி நேரமும், "மண்டை இப்பிடிக் காஞ்சு கெடக்கே" என்று வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, பாட்டிலில் கொண்டுவந்த தேங்காய் எண்ணெய் முழுவதையும் அவன் தலையில் தேய்ப்பாள். நெற்றியில் வழிவதை அவன் துடைத்துத் துடைத்துக் கையெல்லாம் எண்ணெயாகி, பயிற்சியில் விரல் வழுக்கி வாத்தியாரிடம் திட்டு வாங்குவான். அப்புறம் சென்னையில் எட்டு வருடம் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தான். மினி பஸ்ஸில் அந்தப் பாட்டுகள் ஓடும்போது, "இதுல எதுய்யா நீயி?" என்று கேட்பாள். அடியில் ஓடுகிற குரலை விரல் நீட்டிக் காட்ட முடியுமா? அப்போது சொந்த வாத்தியம் கிடையாது. சொந்தமாக வாங்கியபோது ஜெர்மனிக்குப் போய்விட்டான். செல்லோவுக்கு விமானத்தில் தனி சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் என்று ஊருக்கு ஓடி வருகிறவன் அதைக் கொண்டுவந்ததில்லை. வீடியோ அனுப்பினால் அவளுடைய போனில் அந்தக் கனத்த சத்தம் ஏறாது. "ஆளு ஆடுறது தெரியிது. சத்தந்தேன் கொசுக் கணக்கா இருக்கு" என்பாள்.

நேற்று ராத்திரியே வாசித்துக் காட்டுகிறேன் என்றான். அவள்தான், "வேணாம்யா. நாளைக்கு நாலு பேரு முன்னாடி வாசி. நான் மொத ஆளா உக்காந்து கேக்கேன்" என்று தடுத்துவிட்டாள். ஆனாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஆசையாகப் பார்த்தாள். வில்லைக் காட்டி, "இது என்னய்யா, நரம்பா?" என்றாள். குதிரை முடி என்று சொன்னான்.

கடைசியில் அவனை வாசிக்க விட்டபோது மணி பன்னிரண்டு ஐம்பது. பின்பக்கம் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. சரி, பத்து நிமிடம் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துவிட்டு வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தான்.

சத்தமே வரவில்லை.

மறுபடி அழுத்தி இழுத்தான். வில் வழுக்கிக்கொண்டு போனது. முடியை மூக்கருகே கொண்டுபோனான். தேங்காய் எண்ணெய் மணத்தது. யார் கை, எப்போது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. காலையில் அவன் குளிக்கப் போன நேரம், வேறு யார்? வந்தவர்களிடம் பேசிப் பேசி அவனும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. மாற்று வில்லும் கொண்டுவரவில்லை. வேறு வழியில்லாமல் கம்பிகளை விரலால் மீட்டி இரண்டு நிமிடம் ஏதோ ஒப்பேற்றினான். கூட்டம் கைதட்டியது.

"பிரமாதம் தம்பி, பிரமாதம்!" அருஞ்சுனை மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்."

ஒரு நொடியில் நாற்காலிகள் காலி. அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

காரில் ஊர் திரும்பும்போது வெடித்தான்.

"வில்லுல எதுக்கும்மா எண்ணெயத் தேச்ச?"

"வெள்ளை வெள்ளையாப் பொடி உதுந்துச்சுய்யா. முடின்னு சொன்னியே. காஞ்சு கெடக்கேன்னு நல்லாத் தொடச்சிட்டு, லேசாத்தேன்..."

"அந்தப் பொடி இருந்தாத்தாம்மா சத்தம் வரும்! அது பிசின். நாந்தான் தேச்சு வச்சிருக்கேன். எண்ணெ பட்டா அம்புட்டுத்தான். உனக்கு என்ன தெரியும்னு அதுல கைய வச்ச?"

காரை ஓட்டிய டிரைவர் ஜெயபாண்டி கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். மாரிக்கனி ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலங் காட்டைப் பார்த்துக்கொண்டு, மடியிலிருந்த பொன்னாடைகளை மடித்து மடித்து வைத்தாள். மாரிச்செல்வத்துக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. நாலு மணிக்குக் கிளம்பி மதுரையில் விமானம் பிடிக்க வேண்டும். அடுத்த பதினாலு மாதத்துக்குக் கச்சேரிகள் குறித்தாகிவிட்டன. அவளுக்கு எழுபத்தொன்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அடுப்படிக்குப் போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். சீயக்காய் கரைத்திருந்தாள்.

"எண்ணெய்தானய்யா? அலசுனாப் போயிராதா?"

"தண்ணி பட்டா கட்டை வீணாப் போகும்மா."

"கட்டையில படாமத்தேன் ஊத்துவேன்."

ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில் அவன் வில்லுக்கு முடி கட்டித் தருகிறவர் இதைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார். விழட்டும், இனி கெடுவதற்கு என்ன இருக்கிறது? மாரிச்செல்வம் வில்லின் அடியிலிருந்த திருகாணியைச் சுழற்றி முடியைத் தளர்த்தினான். இரண்டு பொன்னாடைகளை எடுத்துக் கட்டையின் மேல் இறுக்கிச் சுற்றினான். காலையிலிருந்து முதல்முறையாக அவை ஒரு காரியத்துக்கு ஆயின. முற்றத்தில் அவன் வில்லைப் பிடித்துக்கொள்ள, அவள் சொட்டுச் சொட்டாக ஊற்றி, விரல் நுனியால் தேய்த்தாள். குழந்தைக்குத் தலை ஊற்றுகிற பதனம் இருந்தது அந்தக் கையில். மூன்று தடவை அலசினாள். வழுவழுப்புப் போய்விட்டதா இல்லையா என்று ஈரத்தில் தெரியவில்லை.

"இனிமே முடியில கை படக்கூடாது" என்றான். கட்டையைப் பிடித்து, வில்லை நிலைப்படியில் காற்றுக்குக் காட்டியபடி அவள் நின்றாள். சுடுகாற்று அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காட்டு வெக்கையை அவன் ஒருநாளும் இப்படி நம்பியதில்லை.

மூன்றே முக்காலுக்கு முடி பிரிந்து பிரிந்து காற்றில் ஆடியது. அவன் செல்லோவை எடுத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். எதிரே தரையில் அவள். முடியை முறுக்கேற்றி, பிசின் கட்டியை எடுத்து அடியிலிருந்து நுனி வரை தேய்த்தான். முதலில் ஒட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தான். வாசலில் ஜெயபாண்டி ஒருமுறை ஹாரன் அடித்தான்.

வில்லிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து அவளுடைய சேலையில் விழுந்தது. தட்டிவிடுவதற்காக அவள் கை தன்னால் எழுந்தது. பாதியில் நின்று, மெல்ல மடிக்குத் திரும்பியது.

அவன் வில்லைக் கம்பியின் மேல் வைத்தான்.