வெள்ளம் கேறுது

எனக்கு மழை என்றால் பயம். மேலூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு மழை என்பது எப்போதாவது வந்து முகம் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி. குழித்துறையில் பெண் எடுத்த பிறகுதான், அந்த விருந்தாளி பெட்டி படுக்கையோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிற ஊரும் உண்டென்று தெரிந்தது. எனக்கு நீச்சலும் தெரியாது. இங்கே பிள்ளைகள்கூட ஆற்றில் மீன்குஞ்சு மாதிரி திரியும். நான் படித்துறையில் உட்கார்ந்து வாளியில் மொண்டு குளிப்பேன். என் மைத்துனன் ஜினோ அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் எனக்குச் சோறு போடுவதும் இதே மழைதான். கல்லறைக் கற்களைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். மழையில் மண் இளகிக் கல் சாயும். சாய்ந்தது விழுந்து உடையும். உடையாதது பாசி பிடித்துப் பெயர் மறையும். பாசியை மூங்கில் சிம்பால் சுரண்டுவோம், உடைந்த இடத்தில் எவர்சில்வர் கம்பி செருகிப் பசை வைத்து ஒட்டுவோம், அடியில் கான்கிரீட் போட்டு நிமிர்த்தி வைப்போம். எழுத்துக்குக் கறுப்பு ஏற்றுவது என் மனைவி ராகேல். தூக்குவதும் சுமப்பதும் ஜினோ. திட்டுவது நான்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாதிச் சாப்பாட்டில் மாமியார் என் முதுகுக்குப் பின்னால் வந்து, "வெள்ளம் வேணுமா மக்கா?" என்றார். நான் இலையை விட்டு எழுந்தே விட்டேன். இவர்களுக்கு வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். எனக்கு வெள்ளம் என்றால் ஆடு மாட்டை அடித்துக்கொண்டு போவது. பந்தியே சிரித்தது. ரோஷம் வந்து, அன்றிலிருந்து நானும் தாகம் எடுத்தால் வெள்ளம் என்றே கேட்கப் பழகிக்கொண்டேன்.

அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். ஏறுவதை இவர்கள் கேறுவது என்பார்கள். பஸ்ஸில் கேறு, மரத்தில் கேறு. "ஒருக்கா சொல்லுங்க பாப்பம்" என்று ராகேல் கெஞ்சுவாள். "ஏறுன்னு சொன்னா பஸ்ஸுல ஏத்த மாட்டானா?" என்று மறுத்துவிடுவேன்.

இந்த ஐப்பசியில் முத்துநாயகம் வாத்தியாரின் கல் எங்களிடம் வந்தது. இரண்டாக உடைந்து கிடந்ததை ஒட்டி முடித்திருந்தோம். அடித்தளம் மட்டும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை, மகன் துபாயிலிருந்து வருகிறார். அதனால்தான் அந்தப் பேய்மழையிலும் வேலைக்குப் போனோம்.

அந்தக் கல்லறைத்தோட்டம் தாழ்ந்த இடம். மேலே சானல் என்கிற பாசனக் கால்வாயின் கரை ஓடுகிறது. காலையில் போனதுமே கரையின் அடியில் ஓரிடத்தில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்தேன்.

"ஏலே ஜினோ, இது என்னது?"

"நண்டுப்பொந்து அத்தான். அது எப்பவும் ஒழுகும்."

"இப்படியா ஒழுகும்?"

"மேலூருக்கு வேணா இது அதிசயம்" என்று சிரித்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவனுக்கு இன்னொரு முறை பயப்பட வெட்கமாக இருந்தது.

மூன்று இரும்புக் குழாயைக் கூம்பாகக் கட்டிய முக்காலியை நிறுத்தி, சங்கிலிக் கப்பியில் கல்லைத் தொங்கவிட்டு, கீழே இடுப்பளவு குழி எடுத்தோம். மழை கண்ணை மறைத்தது. ராகேலும் ஜினோவும் காவல்காரர் ஞானையனின் தகரக் கொட்டகைக்குக் கட்டன்சாயா குடிக்கப் போனார்கள். "நீங்களும் வாங்க, சளி பிடிச்சிருக்குல்லா" என்றாள் ராகேல். அடிச்சேற்றை அள்ளிவிட்டு வருகிறேன் என்று குழிக்குள் இறங்கினேன். தொங்குகிற கல்லுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது என்று ஜினோவைத் தினமும் திட்டுகிறவன் நான்.

முக்காலியின் ஒரு கால் சேற்றில் புதைந்தது. சத்தம்கூட இல்லை. கல் மெல்லச் சரிந்து இறங்கியது. நான் பின்னால் விழுந்தேன். உட்கார்ந்தபடி கிடந்தேன், வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கும் குழிச்சுவருக்கும் நடுவில். இழுத்தேன். வரவில்லை. உயிர் போகிற வலி.

ராகேல் என்று கத்தினேன். ஜினோ என்று கத்தினேன். தகரத்தில் அடிக்கிற மழைக்கு முன் என் குரல் எந்த மூலைக்கு? காப்பாற்று என்றும் கத்தினேன், அம்மா என்றும் கத்தினேன். கொட்டகையின் புகை மட்டும் தெரிந்தது.

அப்போது கரைப் பக்கம் சொத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். கசிந்த இடத்தில் கதவு அகலத்துக்குக் கரை இல்லை. செம்மண் தண்ணீர் கல்லறைகளுக்கு நடுவே சுற்றி வளைந்து, என்னைத் தேடி வருவதுபோல வந்தது. குழிக்குள் கொட்டத் தொடங்கியது. நிமிர்ந்து நின்றால் இடுப்பளவுதான். எனக்கு நிற்க வழியில்லை.

மழை சற்றே தணிந்தது. நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினேன். பயத்தில் வருவது பிறந்த ஊர்ப் பேச்சுதான்.

"வெள்ளம்! வெள்ளம்! வெள்ளம்!"

கொட்டகையிலிருந்து ராகேலின் குரல் தெளிவாகக் கேட்டது. "கேட்டுது, கேட்டுது! பச்சவெள்ளம் குடிக்கப்பிடாது. சீரகம் போட்டுச் சூடாக்கிக் கொண்டாறேன், பொறுங்க!"

அவள் அடுப்பில் பாத்திரம் வைக்கிறாள். என் சளிக்காக, என்மேல் உள்ள பிரியத்தில், நிதானமாகச் சீரகம் தேடுகிறாள். இங்கே தண்ணீர் என் மார்பைத் தொடுகிறது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

கல்லை இரண்டு கையாலும் தள்ளினேன். மண்வெட்டிக் காம்பைக் கொடுத்து நெம்பினேன், காம்பு முறிந்தது. கண்ணுக்கு நேரே ராகேல் கறுப்பு ஏற்றிய எழுத்துகள். இன்னொருவர் பெயரைப் படித்துக்கொண்டே சாகப்போகிறேன். எத்தனையோ பேரின் கல்லை நிமிர்த்தியிருக்கிறேன். ஒருநாளும் சாவை நினைத்ததில்லை. அன்று அதை மட்டும்தான் நினைத்தேன்.

மழை இன்னொரு முறை மூச்சு வாங்கியது. சொல்லை மாற்றினேன். "தண்ணி! தண்ணி வருது!"

ஜினோவின் சிரிப்பு கேட்டது. "அத்தானுக்கு தண்ணி வேணுமாம்லா! சாயங்காலம் ஆகட்டும் அத்தான், வாங்கித் தாறேன்!"

தண்ணி என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது, இவர்களுக்கு அது சாராயம். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்தேன். வாயில் மண் ருசி. வெள்ளம் என்றாலும் சாவு, தண்ணி என்றாலும் சாவு. தண்ணீரைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை, அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். போன ஆனியில் ஆறு பொங்கியபோது மாமியார் வாசலில் நின்று அலறியது ஞாபகம் வந்தது. அந்த அலறலைக் கேட்டுத்தான் தெருவே எழுந்து ஓடியது.

ராகேல் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டும் நான் சொல்லாத சொல்.

"கேறுது! ராகேலு, கேறுது! வெள்ளம் கேறுது!"

கொட்டகையில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

அவள் ஓடிவந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணீர் கண்ணுக்கு மேலே போய்விட்டிருந்தது. குழிக்குள் யாரோ சாடியது தெரிந்தது. குதித்தது என்று எழுத மனம் வரவில்லை, அவள் சாடினாள். இரண்டு கை என் தாடைக்கு அடியில் வந்து முகத்தை மேலே தூக்கிப் பிடித்தன. மூச்சு வந்தது. "மூக்கால வாங்குங்க, வாய மூடுங்க, ஏலே ஜினோ, கல்லத் தூக்குலே" என்று என் காதருகே அலறிக்கொண்டே இருந்தாள். ஜினோ முக்காலியைப் பக்கத்துக் கல்லறை மேடைமேல் ஊன்றி, அழுதுகொண்டே சங்கிலியை இழுத்தான். ஞானையன் வந்து அவனோடு சேர்ந்து இழுத்தார். கப்பி பல் பல்லாகத்தான் ஏறும். ஒவ்வொரு பல்லுக்கும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் வந்தது. அவள் கை தளரவில்லை.

கல் நகர்ந்தது. என்னை உருவி மேலே போட்டார்கள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வாத்தியாரின் கல்லில் நாங்கள் ஒட்டிய ஒட்டு மட்டும் விரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ராகேல் பக்கத்தில் இருந்தாள். அவள் உள்ளங்கையில் சூடுபட்டுத் தோல் உரிந்திருந்தது. கொதித்த பாத்திரம் சரிந்த கை. அந்தக் கையால்தான் என்னைத் தாங்கியிருக்கிறாள். என் தொண்டை வறண்டிருந்தது. பழக்கத்தில் "வெள்ளம்" என்றேன். அவள் முகம் வெளிறியது. டம்ளரை என் வாயில் வைத்து, "தண்ணி குடிங்க" என்றாள். எங்கள் ஊர்ச் சொல்லில், எங்கள் ஊர்க்காரி மாதிரியே சொன்னாள்.

அதன் பிறகு அவள் வாயிலிருந்து வெள்ளம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. அம்மா வீட்டுக்குப் போனாலும் தண்ணி என்றுதான் கேட்கிறாள், அவர்கள் சிரிக்கிறார்கள். நானும் இப்போதெல்லாம் தாகம் என்றால் தண்ணி என்றே கேட்கிறேன். மழை நாளாக இருந்தால் அதற்கும் அவள் டம்ளரை எடுப்பதில்லை. போட்டது போட்டபடி ஓடிவந்து, முதலில் என் காலைப் பார்க்கிறாள்.