மூன்றாம் நம்பர் பிரஸ்ஸிலிருந்து போர்ச் செய்தி

1971 டிசம்பர் 3-ஆம் தேதி மாலை இந்தியாவின் வடமேற்கு விமானத் தளங்கள் மீது பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசின. மறுநாள் சனிக்கிழமை காலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசலில் இருந்த டீக்கடையில் தமிழ்ப் பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொருவர் கையில் இருந்தது.

பிரஸ் ஷாப் பெண்களுக்கு டீ வாங்கிப் போக வந்த பஞ்சவர்ணம் முதல் தாளுக்காகக் காத்திருந்தாள். டீ வாங்க வருவது முறை வைத்து மாறும் வேலை. அந்த மாதம் அவளே தினமும் வருவதாகச் சொல்லிவிட்டாள். டீ ஆறிப் போகிறது என்று திட்டு வாங்கினாள். ஆனாலும் முதல் தாளைப் படிக்காமல் திரும்பவில்லை.

காரணம் நாகம்மாள். மோட்டாருக்குள் போகும் இரும்புத் தகடுகளை வெட்டும் அந்தப் பட்டறையில் கையால் சுழற்றும் பிரஸ் இயந்திரங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண். மூன்றாம் நம்பரில் நாகம்மாள். தீபாவளிக்குப் பிறகு அவள் வெட்டும் தகடுகளில் பிசிறு வரத் தொடங்கியது. தினமும் ஒரு கூடை கழிவு. தகட்டை வெட்டும் அச்சான டை மழுங்கிவிட்டது என்று மூன்று பெண்களுக்கும் தெரியும். ஆனால் கல்கத்தாவிலிருந்து வந்த புது மேனேஜர் தத்தாவுக்குத் தமிழ் தெரியாது. வாயால் சொல்வதை அவர் கணக்கில் எடுப்பதும் இல்லை. எதுவானாலும் எழுத்தில் வர வேண்டும். எழுதுவது குமாஸ்தா கோவிந்தராஜ். தகடு வளைந்தாலும், கைப்பிடி உடைந்தாலும், அவர் எழுதுவது ஒன்றுதான்: 'ஆப்பரேட்டர் கேர்லெஸ்.' மாதக் கடைசியில் கழிவு அதிகமுள்ளவருக்கு வேலை இல்லை என்று தத்தா சொல்லிவிட்டார்.

நாகம்மாள் விடியுமுன் பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு நடந்து வந்து, அங்கே பஸ் பிடித்து வருகிறவள். அவள் புருஷன் படுக்கையில் கிடந்தான். இந்த வேலை போனால் வேறொன்று கிடைக்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

பஞ்சவர்ணம் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பாள், அர்த்தம் தெரியாது. டை மழுங்கியதை மேனேஜருக்குத் தானே இங்கிலீஷில் எழுதிவிட நினைத்தாள். அதற்கு வழி சாப்பாட்டுக் கொட்டகையில் கிடந்தது. மேனேஜர் படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பர் மறுநாள் அங்கேதான் வரும். பெண்கள் அதைத் தரையில் விரித்து அதன் மேல் தூக்குச் சட்டிகளை வைத்துச் சாப்பிடுவார்கள். நேற்றுத் தமிழில் படித்த அதே சண்டை, இன்று இங்கிலீஷில் அவள் காலடியில் விரிந்து கிடந்தது. டாக்கா, ஜெஸ்ஸூர் என்ற ஊர்ப் பெயர்கள் இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போனாள். இன்ன இடத்தில் எதிரிக்குப் பலத்த சேதம் என்று தமிழில் படித்திருந்தால், அந்த ஊர்ப் பெயருக்கு அருகே நிற்கும் 'ஹெவி லாஸஸ்' தன்னால் விளங்கியது. தெரிந்த செய்தி தெரியாத சொல்லுக்கு விளக்குப் பிடித்தது.

"யக்கா, தூக்க எடு. டாக்கா மேல குந்தினுகீது" என்றாள் பஞ்சவர்ணம்.

"நீ சோறு துன்றியா, பேப்பர துன்றியா?" என்றாள் நாகம்மாள். "ரசம் ஊத்தட்டா, தொட்டுக்க?"

சிரிப்பு அடங்கியதும் பஞ்சவர்ணம் எச்சில் படாத மூலையைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். சொல்லை மனதுக்குள் உருட்டிக்கொண்டே பிரஸ்ஸின் கைப்பிடியைச் சுழற்றுவாள்.

சண்டை நடந்தவரை பாடமும் நடந்தது. 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 18-ஆம் தேதி சனிக்கிழமை பகலில் 'சரண்டர்' என்ற சொல் கொட்டகைக்கு வந்தபோது, பஞ்சவர்ணத்துக்கு அதனிடம் வேலை இருந்தது.

அன்று காலையில் அவள் ஒரு தப்புக் காரியம் செய்திருந்தாள். ஒருவர் பிரஸ்ஸில் இன்னொருவர் உட்காரக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். நாகம்மாளைத் தன் இரண்டாம் நம்பரில் உட்காரவைத்துவிட்டுத் தான் மூன்றாம் நம்பருக்குப் போனாள். கண்டுபிடித்தால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்று நாகம்மாள் அவளை எழுப்பப் பார்த்தாள். எப்படியும் உன்னை அனுப்பத்தான் போகிறார்கள் என்று சொல்லி, பஞ்சவர்ணம் எழுந்திருக்கவில்லை. பகலுக்குள் அவள் கூடையிலும் பிசிறு நிறைந்தது. இரண்டாம் நம்பர்க் கூடை காலியாக இருந்தது.

சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினாள். அவளிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதும் போர்முனையிலிருந்து வந்தது. அதை வைத்துத்தான் எழுத முடியும். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்:

'மூன்றாம் நம்பர் முனையில் நிலைமை மோசம். டை தன் பலத்தை இழந்துவிட்டது. எங்கள் தரப்பில் அத்துமீறல் இல்லை. நாகம்மாள் இரண்டாம் நம்பருக்கு முன்னேறினாள். அங்கே சேதம் இல்லை. நான் மூன்றாம் நம்பரைக் கைப்பற்றினேன். எனக்கும் பலத்த சேதம். டை உடனே சரணடைய வேண்டும். பஞ்சவர்ணம், இரண்டாம் நம்பர்.'

கோவிந்தராஜ் அதை வாங்கிப் படித்தார். முதலில் சிரித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

"இது ரிப்போர்ட்டா, ரேடியோ நியூஸா? குட்த்துட்டுப் போ. நான் மாத்தி எழுதிக்கிறேன்."

"மாத்துனா நீ கேர்லெஸ்னுதான் எழுதுவ, அண்ணாத்தே."

அவர் கோபப்படவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இங்க சேர்ந்தப்போ இருந்த குமாஸ்தா அதத்தான் எழுதினு இருந்தாரு. நானும் அதயே எழுதறேன். டை தேஞ்சுபோச்சுன்னு எப்டி எழுதறதுன்னு மெய்யாலுமே எனக்குத் தெரியாது."

"அப்போ இது அப்டியே உள்ள போவட்டும்."

"எடம் மாறி குந்துனத நீயே எழுதிகீற. சீட்டு கிழிஞ்சிடும், தெரிமா?"

"தெரியும். அத எழுதலன்னா மீதிய யாரு நம்புவா?"

கோவிந்தராஜ் தாளைத் திருப்பிக் கொடுத்து, மேனேஜர் அறைக் கதவைக் காட்டினார். அவளே கொண்டு போனாள்.

தத்தா படிக்கும்போது அவர் உதடு ஒருமுறை கோணியது. அவர் சிரித்துவிட்டால் போச்சு என்று நினைத்து, அவள் அவர் முகத்தையே பார்த்து நின்றாள். அவர் சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வி அவளுக்குப் புரிந்தது.

"நவம்பர், சார். பிஃபோர் வார்."

அவர் எழுந்து மூன்றாம் நம்பருக்கு வந்தார். புதுத் தகடு ஒன்றை வெட்டச் சொன்னார். பஞ்சவர்ணம் வெட்டினாள். அதன் ஓரத்தில் கட்டை விரலை ஓட்டினார். இரண்டாம் நம்பரிலும் ஒன்று வெட்டச் சொல்லி அதையும் தடவிப் பார்த்தார். மூன்றாம் நம்பர்ப் பிசிறு கீறிய விரலில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு அறைக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை டையைக் கழற்றிச் சாணை பிடிக்க அனுப்பினார்கள். அது வரும்வரை மூன்றாம் நம்பர் ஓடவில்லை. இடம் மாறி உட்கார்ந்ததற்காகப் பஞ்சவர்ணத்துக்கும் நாகம்மாளுக்கும் ஒரு நாள் கூலி பிடித்தார்கள். மாதக் கடைசியில் யாரையும் நிறுத்தவில்லை. ஜனவரியிலிருந்து பிரஸ் ஷாப் ரிப்போர்ட்டைப் பஞ்சவர்ணம் எழுதினாள். கோவிந்தராஜ் கையெழுத்துப் போட்டார்.